ரெக்கார்டிங்கில் கிட்டார் ஏன் சன்னமாகிவிடுகிறது?

கேள்வி: கோவையில் நாங்கள் நான்கு பேர் சேர்ந்து ஒரு ராக் பேண்ட் வைத்திருக்கிறோம். சொந்தப் பாட்டு ஒன்றை வீட்டு மாடி அறையில் ரெக்கார்ட் செய்துகொண்டிருக்கிறோம். டிரம்ஸ் மட்டும் புரோகிராம் செய்தது. கிட்டார் நான் வாசித்தது: ஹம்பக்கர் பிக்கப் உள்ள கிட்டார், 30 வாட் ஆம்ப், அதன் முன்னால் ஒரு எஸ்எம்57 மைக். ஆம்ப் பக்கத்தில் நின்றால் நெஞ்சில் வந்து மோதுகிற சத்தம், கம்ப்யூட்டரில் கேட்டால் சன்னமாகி எங்கோ தூரத்துக்குப் போய்விடுகிறது. கெயினைக் கூட்டினேன், இரைச்சல்தான் கூடியது. ஒரே டிராக்கைக் காப்பி எடுத்து இடது, வலது என்று போட்டுப் பார்த்தேன். ஒரு மாற்றமும் இல்லை. அதில் ஒன்றை 15 மில்லிசெகண்ட் தள்ளி வைத்தபோது அகலமாகக் கேட்டது. ஆனால் என் பழைய ஃபோனில் போட்டால் கிட்டாரின் குரலே மாறி, பாதி காணாமல் போகிறது. இப்போதைக்கு ஈக்யூவில் பாஸும் ட்ரெபிளும் ஏற்றி, மிட்டை நன்றாகக் குறைத்து வைத்திருக்கிறேன். பெரிய ஆல்பங்களில் வரும் அந்த நிறைவான கிட்டார் எங்களுக்கு ஏன் வரவில்லை? விலை கூடிய மைக் வாங்கினால் சரியாகுமா?

பதில்: மைக் வாங்க வேண்டாம். உங்களிடம் இருக்கும் எஸ்எம்57, ஷூர் நிறுவனம் 1965-ல் கொண்டுவந்தது. பெரிய ஸ்டூடியோக்களில் இன்றைக்கும் கிட்டார் ஆம்ப் முன்னால் முதலில் நிறுத்தப்படுவது அதுதான். நீங்கள் கேட்டு ஏங்குகிற ஆல்பங்கள் பலவற்றில் கிட்டார் அதன் வழியாகத்தான் டேப்பில் ஏறியிருக்கிறது. செலவு செய்தே ஆக வேண்டும் என்றால் புதுத் தந்தி செட் ஒன்று வாங்குங்கள். தேய்ந்த தந்தியில் மேல்தட்டு ஒலி செத்துவிடும். அதை எந்த ஈக்யூவாலும் மீட்க முடியாது.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய விஷயம் வேறு. கிட்டார், ஆம்ப், மைக், ஈக்யூ என்று எல்லாம் எழுதியிருக்கிறீர்கள். பாஸ் கிட்டாரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஆம்ப் பக்கத்தில் நிற்கும்போது ஏன் அவ்வளவு நிறைவாக இருக்கிறது? சத்தத்தின் அளவு ஏற ஏற, அடியொலியும் உச்ச ஒலியும் காதுக்குக் கூடுதலாக எடுபடும். ஃபிளெட்சர், மன்சன் என்ற இருவர் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் இதை அளந்து 1933-ல் வரைகோடுகளாகவே வெளியிட்டார்கள். ஆக, மாடியில் நீங்கள் கேட்ட நிறைவில் ஒரு பங்கு உங்கள் காது சேர்த்துக் கொடுத்தது. கம்ப்யூட்டர் ஸ்பீக்கரில் தணிவாகக் கேட்கும்போது அந்தப் பங்கு போய்விடுகிறது. போனதை ஈடுகட்டத்தான் பாஸையும் ட்ரெபிளையும் ஏற்றியிருக்கிறீர்கள். தனியாகக் கேட்க அது நன்றாகத்தான் இருக்கும். பாட்டுக்குள் வைத்ததும் கதை மாறுகிறது.

கிட்டாரின் அடித் தந்தி சாதாரண டியூனிங்கில் 82 ஹெர்ட்ஸ். 24-வது ஃபிரெட் வரை போனாலும் மேல் தந்தியின் சுரம் சுமார் 1,320 ஹெர்ட்ஸ்தான். அதற்கு மேலே இருப்பதெல்லாம் அந்தச் சுரங்களின் மேலலைகள். அவற்றையும் கிட்டார் ஸ்பீக்கர் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் வேகமாகச் சரித்துவிடுகிறது. அதாவது கிட்டார் பிறந்து வளர்வது மிட்டில்தான். நீங்கள் ஏற்றிய பாஸ், கிக் டிரம்மும் பாஸ் கிட்டாரும் குடியிருக்கிற இடம். அங்கே கிட்டார் தோற்கும். ஏற்றிய ட்ரெபிள், சிம்பல்களின் இடம்; அங்கேயும் தோற்கும். கிட்டாருக்கு உரிமையான மிட்டை நீங்களே வெட்டி எறிந்துவிட்டீர்கள். மிச்சம் என்ன இருக்கும்? முதல் வேலையாக மிட் குமிழைப் பாதிக்கு மேலே கொண்டுவாருங்கள். தனியாகக் கேட்டால் மூக்கால் பேசுவதுபோலத் தோன்றும். பொறுத்துக்கொள்ளுங்கள். டிரம்ஸும் பாஸும் ஓடும்போது மட்டுமே கிட்டாரைப் பற்றி முடிவெடுப்பது என்று வைத்துக்கொண்டால் பாதி குழப்பம் தீரும்.

அடுத்து, காப்பி எடுத்து இரண்டு பக்கமும் போட்டது. இடது ஸ்பீக்கரிலும் வலது ஸ்பீக்கரிலும் அச்சு அசலாக ஒரே ஒலி வந்தால் காது அதை நடுவில் இருக்கும் ஒரே கிட்டாராகத்தான் எடுத்துக்கொள்ளும். சத்தம் கொஞ்சம் கூடியிருக்கும், அவ்வளவுதான். 15 மில்லிசெகண்ட் தள்ளியதும் இரண்டு பக்கமும் வெவ்வேறு நேரத்தில் வருவதால் அகலம் கிடைத்தது. ஆனால் முந்தி வரும் பக்கமே காதை இழுக்கும். மிக்ஸ் ஒருச்சாய்ந்து நிற்கும். உங்கள் பழைய ஃபோனில் ஒரே ஸ்பீக்கர். இரண்டு பக்கமும் அதில் ஒன்றாகக் கலக்கின்றன. கலக்கும்போது 33 ஹெர்ட்ஸில் தொடங்கி, ஏறக்குறைய 67 ஹெர்ட்ஸுக்கு ஒன்று வீதம் மேலே வரைக்கும் பள்ளம் விழுகிறது. நீங்கள் கேட்ட காணாமல் போன கிட்டார் அந்தப் பள்ளங்களில்தான் விழுந்து கிடக்கிறது.

நிறைவு வருவது வேறுபாட்டிலிருந்து. இதுதான் நான் சொல்ல வந்ததில் தலையானது. நாதஸ்வர மேடையில் இரண்டு நாயனக்காரர்கள் ஒரே கீர்த்தனையைச் சேர்ந்து வாசிப்பதை நினைத்துப் பாருங்கள். இருவரும் ஒரே சுரத்தில்தான் நிற்கிறார்கள். ஆனாலும் ஒருவர் மூச்சு மற்றவர் மூச்சு ஆகாது. சுருதி மயிரிழையில் உரசி விலகும், ஒரு கமகம் இம்மி முன்பின் விழும். கோயில் பிராகாரமே நிறைவது அந்த இம்மியால்தான். அதே ரிஃபை நீங்கள் ஆரம்பத்திலிருந்து கடைசிவரை இன்னொரு தடவை வாசித்து, ஒரு டேக்கை இடது ஓரத்திலும் மற்றதை வலது ஓரத்திலும் போட்டால் அதே காரியம் நடக்கும். ஒவ்வொரு அடியிலும் வேறுபாடு மாறிக்கொண்டே இருப்பதால் ஒரே ஸ்பீக்கரில் கலந்தாலும் நிலையான பள்ளம் விழாது. எந்த ப்ளகினும் இதற்கு ஈடில்லை என்பது என் தீர்மானமான கருத்து.

இது புது வித்தையும் இல்லை. டேப் அடுக்குகள் பரவலாவதற்கு முன்பே, 1948-ல், லெஸ் பால் ஒரே ஆளாக எட்டுக் கிட்டார் பகுதிகளை இசைத்தட்டின் மேல் இசைத்தட்டாக ஏற்றிப் பாட்டு வெளியிட்டார். இரண்டாம் முறை பாடுவதில் பீட்டில்ஸுக்கு அலுப்பு வந்தபோது, லண்டன் ஈஎம்ஐ ஸ்டூடியோவின் கென் டவுன்சென்ட் 1966-ல் அதற்காகவே டேப்பை வைத்து ஒரு வழி கண்டுபிடித்தார். அதில்கூட இரண்டாவது டேப் மெஷினின் வேகத்தைக் கையால் மெல்ல அசைத்தபடி இருப்பார்கள். அசையாமல் நிற்கும் காப்பி இரட்டையாகக் கேட்காது என்பது அவர்களுக்கு அப்போதே தெரிந்திருந்தது.

இரண்டாவது டேக் எடுக்கும்போது கவனிக்க வேண்டியவை கொஞ்சம் இருக்கின்றன. வேறுபாடு வேண்டும் என்றதும் தாளத்தைத் தளர விடாதீர்கள். அடி விழும் நேரம் இறுக்கமாக இருக்க வேண்டும். கை முயன்றும் மிஞ்சுகிற வேறுபாடே போதும். குறிப்பாக நிறுத்தங்கள். ரிஃப் வெட்டி நிற்கும் இடத்தில் ஒரு கிட்டார் நின்று மற்றது இழுத்துக்கொண்டிருந்தால் மொத்தமும் சேறாகிவிடும். முதல் டேக்கை ஹெட்ஃபோனின் ஒரு காதில் மட்டும் தணிவாக வைத்து, அதன் நிறுத்தங்களைக் கேட்டுக்கொண்டே வாசியுங்கள். ஒவ்வொரு டேக்குக்கு முன்னாலும் டியூனரில் தந்தியைச் சரிபாருங்கள். நீங்கள் பாட்டில் அடிக்கிற அதே வேகத்தில் தந்தியை அடித்துத்தான் டியூன் செய்ய வேண்டும். ஓங்கி அடித்த தந்தி முதலில் சுருதி ஏறிப் பிறகு இறங்கும். இடது கை விரலை அழுத்திப் பிடிக்கிற பழக்கம் இருந்தால் அதுவும் சுருதியை ஏற்றும். ஒரே கிட்டாரில் இது தெரியாது. இரண்டு, நான்கு என்று அடுக்கும்போது ஒவ்வொரு கார்டும் கலங்கலாகக் கேட்கும். வாசித்தவருக்கு எங்கே தப்பு என்றே பிடிபடாது.

முடிந்தால் இரண்டாவது டேக்குக்கு ஏதாவது ஒன்றை மாற்றுங்கள். நண்பரின் கிட்டார் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் பிக்கப் சுவிட்சைத் தள்ளுங்கள், ஆம்பில் மிட்டைக் கொஞ்சம் நகர்த்துங்கள், அல்லது அதே கார்டை கழுத்தில் வேறு இடத்தில் பிடியுங்கள்.

கெயினை இப்போது வைத்திருப்பதைவிடக் கணிசமாகக் குறையுங்கள். இது எல்லோரும் தயங்குகிற இடம். டிஸ்டார்ஷன் என்பது அலையின் தலையைச் சீவுவது. சீவச் சீவ, பிக் தந்தியில் விழும் அந்த முதல் அடியும் அதைத் தொடரும் ஒலியும் ஒரே மட்டமாகிவிடும். அடி இல்லாத கிட்டார் எவ்வளவு சத்தமாக இருந்தாலும் சின்னதாகத்தான் கேட்கும். ஏசி/டிசியின் பேக் இன் பிளாக் ஆல்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1980-ல் பஹாமாஸ் தீவின் காம்பஸ் பாயிண்ட் ஸ்டூடியோவில் மட் லாங் தயாரித்தது. அதில் ஒரு பக்கம் அண்ணனின் கிட்டார், மறுபக்கம் தம்பியின் கிட்டார். அண்ணன் மால்கம் யங்கின் கிட்டாரைக் கவனித்துக் கேளுங்கள். கார்டுக்குள் ஒவ்வொரு தந்தியும் எண்ணிவிடலாம் போலத் தெளிவாக இருக்கும், டிஸ்டார்ஷன் அவ்வளவு குறைவு. நிறைவோ சுவர் மாதிரி. இரண்டு டேக் சேரும்போது டிஸ்டார்ஷன் தானாகவே கூடியதுபோலக் கேட்கும். எனவே ஒவ்வொன்றும் தனியாகக் கேட்கும்போது கொஞ்சம் போதாமல் இருப்பதே சரியான அளவு.

இன்னும் ஒரு விஷயம். கெயின் அதிகமுள்ள பகுதியில் மேஜர் கார்டை முழுதாகப் பிடிக்கிறீர்களா? பிடித்தால் அதிலுள்ள மூன்றாம் சுரம் தொந்தரவு செய்யும். ஃபிரெட் கணக்குப்படி அது இயற்கைச் சுருதியைவிட சுமார் 14 சென்ட் கூடுதல். டிஸ்டார்ஷன் அந்த உரசலைப் பெருக்கி முன்னால் கொண்டுவந்துவிடும். பவர் கார்டு பிறந்ததற்கு இதுவும் ஒரு காரணம். அடி சுரமும் ஐந்தாம் சுரமும் மட்டும் இருந்தால் டிஸ்டார்ஷன் உங்களுக்கு வேலைசெய்கிறது: 82 ஹெர்ட்ஸும் சுமார் 123 ஹெர்ட்ஸும் சேர்ந்து நசுங்கும்போது அவற்றின் வித்தியாசமான 41 ஹெர்ட்ஸ் புதிதாகப் பிறக்கிறது. அடி சுரத்துக்கு ஒரு ஸ்தாயி கீழே.

அந்த 41 ஹெர்ட்ஸ் யாருடைய வீடு? பாஸ் கிட்டாரின் நாலாவது தந்தி. இப்போது விட்ட இடத்துக்கு வருகிறேன். கேட்பவர் பெரிய கிட்டார் என்று சொல்கிற ஒலியில் கீழ்ப்பாதி பாஸ் கிட்டாருடையது. உங்களுக்குப் பிடித்த கனமான பாட்டு எதிலாவது கிட்டாரை மட்டும் பிரித்துக் கேட்க வாய்ப்பு கிடைத்தால் திகைத்துப் போவீர்கள்; அவ்வளவு மெலிந்திருக்கும். உங்கள் பாட்டில் பாஸ் இன்னும் சேரவில்லை என்றால் கிட்டார் சன்னமாக இருக்கிறது என்ற புகாருக்கே நேரம் வரவில்லை. பாஸை முதலில் வாசியுங்கள். ரிஃபோடு அதே தாளத்தில், பிக் கொண்டு, கொஞ்சம் டிஸ்டார்ஷனும் சேர்த்து. பாஸின் மேலலைகள் 700, 800 ஹெர்ட்ஸ் பக்கம் கொஞ்சம் உறுமினால் அது கிட்டாரின் அடியோடு ஒட்டிக்கொள்ளும். எது எங்கே முடிகிறது என்று கேட்பவருக்குத் தெரியாது. சின்ன ஸ்பீக்கரிலும் அந்த உறுமல் கேட்கும்.

மைக் வைக்கிற இடம். உங்கள் ஆம்பின் முன்துணிக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பாருங்கள். ஸ்பீக்கரின் கூம்பும் நடுவில் வட்டமான மூடியும் தெரியும். பலர் ஆம்ப் பெட்டியின் நடுவைத்தான் ஸ்பீக்கரின் நடு என்று நினைத்து மைக்கை வைத்துவிடுகிறார்கள். மூடியின் மையத்துக்கு நேராக வைத்தால் ஒலி கூர்மையாகக் குத்தும். கூம்பின் ஓரத்துக்கு நகர்த்த நகர்த்த மங்கும். மூடியும் கூம்பும் சேரும் அந்த வளையம் நல்ல தொடக்கம். துணியிலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டர் தள்ளி வையுங்கள். மைக்கை நெருக்க நெருக்க அடியொலி கூடும், விலக்கினால் குறையும். ஈக்யூ தொடாமலே கனத்தைச் சரிசெய்ய இதுவே போதும். நண்பர் ஒருவரை வாசிக்கச் சொல்லிவிட்டு, காதை நன்றாக மூடும் ஹெட்ஃபோனைப் போட்டுக்கொண்டு மைக்கைக் கையால் ஒரு சென்டிமீட்டர் நகர்த்திப் பாருங்கள். நண்பர் இல்லாவிட்டால் ஆம்பின் கெயினை ஏற்றி, வாசிக்காமல், அதன் வெறும் ‘ஸ்ஸ்’ இரைச்சலை மட்டும் ஹெட்ஃபோனில் கேட்டபடி மைக்கை நகர்த்தலாம். மையத்தில் அந்த இரைச்சல் சீறும், ஓரத்தில் அடைத்துக்கொள்ளும். நடுவே ஓரிடத்தில் சீறலும் இல்லாமல் அடைப்பும் இல்லாமல் பரந்து நிற்கும். அங்கே வைத்து வாசியுங்கள். அந்த ஒரு சென்டிமீட்டரில் நடக்கிற மாற்றம், பிறகு ஈக்யூவில் எவ்வளவு முறுக்கினாலும் வராது.

ஆம்பைத் தரையில் வைக்காமல் உறுதியான ஸ்டூல் மேல் ஏற்றுங்கள், தரையிலிருந்து திரும்பி வரும் ஒலி குறையும். மாடி அறையில் சிமென்ட் சுவரும் டைல்ஸ் தரையும் இருக்கும் என்று நினைக்கிறேன். அப்படியானால் தூரத்தில் இரண்டாவது மைக் வைக்கும் ஆசையை விட்டுவிடுங்கள். பெட்டிக்குள் கத்தினாற்போல வரும். அருகே இரண்டு மைக் வைப்பதாக இருந்தால் இரண்டின் முகப்பும் ஸ்பீக்கரிலிருந்து ஒரே தூரத்தில் இருக்கட்டும். ஒன்று 3 சென்டிமீட்டர், மற்றது 20 சென்டிமீட்டர் என்றால் 17 சென்டிமீட்டர் வித்தியாசம். ஒலி அதைக் கடக்க அரை மில்லிசெகண்ட் ஆகும். 1,000 ஹெர்ட்ஸில் பெரிய பள்ளம், 3,000-லும் 5,000-லும் மறுபடி. கிட்டாரின் உயிர் இருக்கிற இடமே அதுதான். ஒரு மைக்கை நன்றாக வைப்பதே உங்களுக்கு இப்போதைக்குப் போதும்.

எத்தனை டேக் அடுக்கலாம் என்று அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள். புட்ச் விக் தயாரித்து 1993-ல் வந்த ஸ்மாஷிங் பம்ப்கின்ஸின் சயாமீஸ் ட்ரீம் ஆல்பத்தில் கிட்டார்களை அடுக்கடுக்காக ஏற்றியிருப்பார்கள், அழகாகவும் இருக்கும். ஆனால் கையில் அந்த இறுக்கம் இருந்தால்தான் அது கூடிவரும். இல்லையென்றால் ஒவ்வொரு அடுக்கும் முந்தையதன் முனையை மழுக்கிக்கொண்டே போகும். உங்களுக்கு இடது ஒன்று, வலது ஒன்று. வெர்ஸில் ஒரே ஒரு கிட்டார் மட்டும் ஓடட்டும், அதையும் குறைந்த கெயினில் வையுங்கள். கோரஸ் வரும்போது இரண்டும் இரண்டு ஓரத்திலிருந்து திறக்கட்டும். முன்னால் சின்னதாக ஒன்று இருந்தால்தான் பின்னால் வருவது பெரிதாகும்.

கேள்வி: ஐயா, சென்னையில் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறேன். ஆம்ப் வைத்து வாசிக்க வழியே இல்லை. பக்கத்து வீட்டில் கைக்குழந்தை. கிட்டாரை நேராக இன்டர்ஃபேஸில் சொருகி ப்ளகின் ஆம்ப் வழியாக வாசிக்கிறேன். எவ்வளவு முயன்றாலும் மேலே ஒரு ரம்பச் சத்தமும் பின்னால் ஓர் உறுமலும் வருகின்றன. உண்மையான ஆம்ப் இல்லாமல் நிறைவான ஒலி கிடைக்காதா?

பதில்: கிடைக்கும். இன்று வெளியாகும் எத்தனையோ பாட்டுகளில் கிட்டார் ஸ்பீக்கரைப் பார்த்ததே இல்லை. 1987-ல் வந்த டெஃப் லெப்பர்டின் ஹிஸ்டீரியாவில்கூட, பாஸ்டன் குழுவின் டாம் ஷோல்ஸ் வடிவமைத்த ராக்மேன் என்ற கைக்கடக்கமான பெட்டியைப் பயன்படுத்தித்தான் கிட்டார்களை அடுக்கினார்கள். உங்கள் சிக்கலுக்குக் காரணம் வேறு எங்கோ இருக்கிறது.

ரம்பச் சத்தத்தை முதலில் பார்ப்போம். ஆம்பின் டிஸ்டார்ஷன் ஸ்பீக்கர் வழியாக வராமல் நேராகக் காதுக்கு வந்தால் அது ரம்பமாகத்தான் இருக்கும். கிட்டார் ஸ்பீக்கர் மேலே உள்ளதைச் சரித்துவிடுவதால்தான் அது இசையாகிறது. ப்ளகினில் கேபினெட் பகுதி அணைந்து கிடக்கிறதா என்று பாருங்கள். இலவச ஆம்ப் ப்ளகின்கள் சிலவற்றில் அது இருக்கவே இருக்காது; ஐஆர் கோப்பு ஒன்றை நீங்களே ஏற்ற வேண்டும். ஐஆர் என்பது ஒரு ஸ்பீக்கர், அதன் முன் ஒரு மைக், அந்த மைக் நின்ற இடம் ஆகிய மூன்றின் ஒலி அடையாளம். அதனால் ஐஆரை மாற்றுவது மைக்கை நகர்த்துவதற்குச் சமம். கெயின், ட்ரெபிள், பிரசென்ஸ் என்று குமிழ்களோடு மல்லுக்கட்டுவதைவிட இங்கே நேரம் செலவிடுங்கள். அதற்காக ஆயிரம் ஐஆர் இறக்கி வைத்துக்கொண்டு தவிக்கவும் வேண்டாம். நல்லதாக நாலைந்து தேர்ந்தெடுத்து, பாட்டு ஓடும்போது மாற்றிப் பாருங்கள், பிடித்ததோடு நின்றுவிடுங்கள். இடது டேக்குக்கு ஒன்று, வலது டேக்குக்கு வேறொன்று என்று வைத்தால் மேலே சொன்ன வேறுபாடு இங்கேயும் கிடைக்கும்.

இன்டர்ஃபேஸில் கிட்டார் சொருகும் துளைக்குப் பக்கத்தில் ‘இன்ஸ்ட்’ என்று ஒரு பொத்தான் இருக்கும். அது அழுந்தியிருக்க வேண்டும். சாதாரண லைன் உள்ளீட்டில் கிட்டாரைச் சொருகினால் பிக்கப்பின் மேல் பாரம் ஏறி ஒலி மங்கிவிடும். மங்கியதை ஈடுகட்ட ட்ரெபிளை ஏற்றுவீர்கள், ரம்பம் இன்னும் கூர்மையாகும். ஓங்கி அடிக்கும்போது மீட்டர் உச்சம் மைனஸ் 12 டெசிபல் பக்கம் நின்றால் போதும். 24 பிட்டில் ரெக்கார்ட் செய்யும்போது சிவப்பு வரை ஏற்ற எந்தக் காரணமும் இல்லை. பஃபரை 128 சாம்பிளுக்கோ அதற்குக் கீழேயோ வையுங்கள், கைக்கும் காதுக்கும் இடையே இழுபறி இருந்தால் தாளம் தானாகவே தளரும்.

உறுமல் பெரும்பாலும் வீட்டு மின்சாரத்திலிருந்து வருவது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதன் மடங்குகளில் பிக்கப் எதையும் வாங்கிக்கொள்ளும், சிங்கிள் காயில் என்றால் இன்னும் மோசம். ஃபேன் ரெகுலேட்டரையும் டிம்மர் விளக்கையும் அணையுங்கள். மானிட்டரிலிருந்து தள்ளி உட்காருங்கள். நாற்காலியோடு மெல்லத் திரும்பிப் பாருங்கள். ஒரு கோணத்தில் உறுமல் பாதியாகக் குறையும், அந்தக் கோணத்திலேயே வாசியுங்கள். லேப்டாப் சார்ஜரைக் கழற்றியதும் சத்தம் போய்விட்டால் டேக் முடியும்வரை பேட்டரியில் ஓட்டுங்கள். பிளக்கின் எர்த் பின்னை மட்டும் எக்காரணம் கொண்டும் உடைக்காதீர்கள். கிட்டார் தந்தி உங்கள் விரலில் இருக்கிறது. எர்த் இல்லாத கருவி பழுதானால் அந்தத் தந்தி வழியாக ஷாக் உங்கள் மேல்தான் பாயும். உறுமல் தொடர்ந்தால் எலெக்ட்ரீஷியனை அழைத்து வீட்டு எர்த்திங்கைச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

ஆம்ப் ஒலி பதியாத சுத்தமான கிட்டார் டிராக்கையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். பின்னொரு நாள் நல்ல ஆம்ப் உள்ள ஸ்டூடியோ கிடைத்தால், அந்த டிராக்கை ரீஆம்ப் பெட்டி வழியாக ஆம்புக்குள் அனுப்பி, வாசித்த வாசிப்பை மாற்றாமல் ஒலியை மட்டும் புதிதாக எடுக்கலாம். மேலே எழுதிய கோவை நண்பருக்கும் இது பொருந்தும்.

கேள்வி: இரண்டு பக்கமும் தனித்தனியாக வாசித்துப் போட்டாயிற்று, பாஸும் இருக்கிறது, நிறைவாகவும் இருக்கிறது. ஆனால் பாடகி பாட ஆரம்பித்ததும் சொற்கள் புரியவில்லை. குரலை ஏற்றினால் கிட்டார் சின்னதாகிறது, கிட்டாரை ஏற்றினால் குரல் மூழ்குகிறது. மிக்ஸில் என்ன செய்வது?

பதில்: ஈக்யூவைத் திறப்பதற்கு முன்னால் வாசிப்பைப் பாருங்கள். பாடகி இழுத்துப் பாடும் இடத்தில் கிட்டாரும் எய்த் நோட் அடிகளை விடாமல் அடித்துக்கொண்டிருந்தால், அங்கே கார்டை ஒரு முறை அடித்து ஒலிக்கவிடுங்கள். பல நேரம் பிரச்சினை இதிலேயே முடிந்துவிடும்.

முடியவில்லை என்றால் கிட்டார் டிராக்குகள் எல்லாவற்றையும் ஒரே பஸ்ஸுக்கு அனுப்பி அங்கே ஈக்யூ போடுங்கள். கீழே 80-லிருந்து 100 ஹெர்ட்ஸுக்குள் எங்காவது வெட்டுங்கள். பாட்டு முழுதும் ஓடும்போது வெட்டும் புள்ளியை மெல்ல ஏற்றி, கிட்டார் மெலிகிற இடம் வந்ததும் கொஞ்சம் பின்வாங்குங்கள். மேலே 8,000, 9,000 ஹெர்ட்ஸுக்கு மேல் இருப்பது பெரும்பாலும் வெறும் சீறல், அதையும் சரிக்கலாம். சொல்லின் மெய்யெழுத்துகள் தெளிவது 2,000-லிருந்து 4,000 ஹெர்ட்ஸுக்குள். அங்கே கிட்டாரில் இரண்டு டெசிபல் அகலமாகக் குறையுங்கள். அதற்கு மேல் குறைத்தால் கிட்டாரின் கடி போய்விடும். 250-லிருந்து 400 வரை உள்ள பகுதியை மண் என்று சொல்லி வெட்டச் சொல்பவர்கள் அதிகம். நான் அங்கே கை வைக்கத் தயங்குவேன். கிட்டாரின் உடம்பு அங்கேதான் இருக்கிறது, ஒன்றிரண்டு டெசிபலுக்கு மேல் எடுத்தால் பொள்ளலாகிவிடும்.

பாம் மியூட் அடிக்கும்போது மட்டும் 100-லிருந்து 250 ஹெர்ட்ஸ் பகுதி திடீரென்று பொங்கும். அதற்கு மல்டிபேண்ட் கம்ப்ரெஸரை அந்தப் பகுதியில் மட்டும் வைத்து, பொங்கும்போது மூன்று நாலு டெசிபல் அடங்குகிற மாதிரி அமையுங்கள். மற்றபடி டிஸ்டார்ஷன் கிட்டாருக்கு கம்ப்ரெஸர் பெரிதாகத் தேவையில்லை. ஆம்பே அதைச் செய்துவிட்டது.

பேன் விஷயத்தில் தயக்கம் வேண்டாம். கிட்டார்கள் இரண்டும் முழு இடது, முழு வலது. நடுவில் குரல், கிக், ஸ்நேர், பாஸ் மட்டும். பாதி தூரத்தில் வைத்தால் நடுவும் நெரிசலாகும், ஓரமும் காலியாகக் கிடக்கும். இதைச் செய்தபின் மொத்த மிக்ஸையும் மோனோவாக்கி, ஒரே ஸ்பீக்கரில், பேச்சு சத்தத்துக்கும் தணிவாகக் கேளுங்கள். கிட்டார் ஸ்டீரியோவில் இருந்ததைவிடக் கொஞ்சம் உள்ளே போகும், அது சரிதான். அதன் குரல் மாறாமல் இருந்தால் போதும். பாடகியின் ஒவ்வொரு சொல்லும் அந்தத் தணிந்த சத்தத்தில் புரிகிறதா என்பதே சோதனை.

கடைசியாக ஆட்டோமேஷன். ஒரே அளவில் பாட்டு முழுக்க நிறுத்திவைப்பதால்தான் ஏற்றினால் இது, இறக்கினால் அது என்று இழுபறி வருகிறது. குரல் இல்லாத இடங்களில், அதாவது ரிஃப் தனியாக வரும்போதும் வரிகளுக்கு நடுவில் மூச்சு விடும் இடைவெளியிலும், கிட்டார் பஸ்ஸை ஒரு டெசிபல், ஒன்றரை டெசிபல் ஏற்றுங்கள். அடுத்த வரியின் முதல் அசைக்கு முன்னால் பழைய அளவுக்கு இறக்கிவிடுங்கள். பாட்டைத் தெரியாத ஒருவரைக் கேட்கச் சொல்லுங்கள். கிட்டார் ஏறி இறங்குவதாக அவர் சொன்னால் அரை டெசிபல் குறைத்து, மறுபடி அவரையே கேட்கச் சொல்லுங்கள்.